கணப்புப் பெட்டியை வெளியே வைக்கச் சொன்ன கதை

வீரே,
12 நவம்பர் 1788

பெருமதிப்பிற்குரிய அத்தான் பௌதவைன் அவர்களுக்கு,

மைத்துனன் லோனிஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இருமலைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீங்களும் அக்காவும் உப்புக் காய்ச்சும் கொப்பரைகளும் நலமாயிருக்க ஆண்டவன் அருளட்டும். மூன்று வருடமாக உங்கள் உப்பாலை வேலைக்குக் கூப்பிடுகிறீர்களே, வருகிற திங்கட்கிழமை வந்து சேர்கிறேன். பௌதிகம் கற்பித்தது போதும், மானம் போய்விட்டது.

புதன்தோறும் இந்த ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு நான் இயற்கைத் தத்துவம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். போன வாரம் மின் எந்திரத்தின் கண்ணாடி வட்டைச் சுற்றியதும் விரல் நீளத்துக்குப் பொறி பறந்தது, இருபது பெண்களும் கைதட்டினார்கள். அந்தத் திமிரில், காலடியில் தணல் வைத்துக் குளிர்காய அவர்கள் கொண்டுவரும் கணப்புப் பெட்டிகளைப் பார்த்து, "இந்தப் புகை என் எந்திரத்தின் பித்தளையைக் கறுக்க வைக்கிறது, எல்லாவற்றையும் வெளியே வையுங்கள்" என்று இன்றைக்கு அதட்டிவிட்டேன். வைத்தார்கள். பிறகு சுற்றினேன், சுற்றினேன், தோள் கழன்றுவிடும்போலச் சுற்றினேன், ஒரு பொறி இல்லை. வெளியே கடல் மூடுபனி, உள்ளே எனக்கு வியர்வை. "இன்று மின்சாரம் ஓய்வெடுக்கிறது" என்று லத்தீனில் நாலு சொல் சேர்த்து அளந்துவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த மீன்வலை வியாபாரியின் விதவை பீட்டர்நெல்லா அம்மாள் விடவில்லை. "செத்துப்போன எங்க வீட்டுக்காரர் மாதிரி புதன்கிழமையானா ஓய்வெடுக்குமா, வாத்தியாரே? போன வாரமும் புதன்தானே?" எல்லோரும் சிரித்தார்கள். "போன வாரம் இருந்து இந்த வாரம் இல்லாதது என்ன? அத மட்டும் சொல்லுங்க." நான் கூரையைப் பார்த்தேன். அந்தம்மா வாசலைப் பார்த்தார். "அடியே யகோபா, பெட்டிங்கள உள்ள கொண்டாங்கடி!" இருபது பெட்டிகளும் எந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தன. கால்மணி நேரத்தில் கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் காய்ந்தது. அந்தம்மாவே சுற்றினார். படீரென்று பொறி, என் பொய்முடியில் பூசியிருந்த வெள்ளை மாவெல்லாம் பறந்தது. அதோடு விட்டார்களா? "ஒரு தடவை நடந்தா தற்செயல்டி!" என்று பெட்டிகளை வெளியே வைத்து ஜன்னலைத் திறந்தார்கள், பொறி இல்லை. ஜன்னலைச் சாத்தி உள்ளே வைத்தார்கள், பொறி. இப்படி மூன்று முறை. வாத்தியாராகிய நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது தடவையும் பறக்குமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் அத்தான், வெட்கங்கெட்டவன்.

பிறகு, என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று வாக்கெடுக்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் ஊர்க் கடலணையும் உங்கள் குடும்பமும் அசையாமல் நிற்க வேண்டிக்கொள்ளும்,
லோனிஸ்

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு முத்திரை வைக்க அரக்கை உருக்கும்போது பீட்டர்நெல்லா அம்மாள் கதவைத் தட்டினார். "நீங்க இருக்கலாம்னு முடிவாயிடுச்சு."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே அம்மா."

"அதான் தெரிஞ்சுபோச்சே! எல்லாம் தெரிஞ்ச மனுசன்கிட்ட எட்டு வாரமா உக்காந்து தூங்கினோம். இப்பத்தான் முழிப்பு வந்திருக்கு. அது சரி, ஈரம் அந்தப் பொறிய எங்க கொண்டுபோய் வைக்குது?"

யோசித்தேன். "தெரியாது" என்றேன், லத்தீன் கலக்காமல்.

"அப்ப சேந்து பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான், உப்பாலை வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அந்தப் பொறி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.