சொல்யூஷன் அக்கா சுவரேறி வந்த நாள்

எங்கள் தெருவில் இதுவரை எந்தக் குழாயும் ரகசியமாக ஒழுகியதில்லை. ஒழுக ஆரம்பித்த சற்று நேரத்துக்கெல்லாம் சொல்யூஷன் அக்கா வாசலில் நிற்பார். வீட்டுக்காரர்களுக்கே விஷயம் தெரிந்திருக்காது. "உங்க வூட்ல எங்கியோ தண்ணி ஒயுவுது. எனுக்கு அங்க தையலே ஓட மாட்டேங்குது" என்பார். நடுவில் நாலு வீடும் ஒரு மாவு மில்லும் இருக்கும். மில் சத்தம் அவர் காதில் விழாது. சொட்டு மட்டும் விழும்.

இதைப் படித்துவிட்டு அவரை பிளம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவுக்குத் தொழில் ரவிக்கை தைப்பது. உத்திரமேரூர் முழுக்க அவர் தைத்த ரவிக்கைகள் நடமாடுகின்றன. ஆனால் அவருடைய தையல் மெஷின் டிராயரைத் திறந்தால் ஹூக்கும் பட்டனும் ஒரு பக்கம், பைப் வளைவுக்குப் போடும் எல்போவும் பைப்பை இணைக்கும் கப்ளிங்கும் ஒரு பக்கம் கிடக்கும். பிளாஸ்டிக் பைப்பை ஒட்டும் பசைக்கு ஹார்டுவேர் கடைகளில் 'சொல்யூஷன்' என்று பெயர். அந்தச் சின்ன டப்பாவை அக்கா, மற்ற பெண்கள் குங்குமச் சிமிழை எடுத்துப்போவது மாதிரி, போகிற இடத்துக்கெல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு போவார். அதனால் வந்த பெயர்தான். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது.

பைப்பை அவர் பைப்பாகப் பார்த்ததே இல்லை. ரவிக்கைக் கை என்றுதான் சொல்வார். தையல் டேப்பால் அளப்பார். தையல் சாக்பீஸால் கோடு போடுவார். "எல்போவுக்குள்ள பூர்றதுக்கு ஒரு வெரக்கட சேத்து வுடணும். தையலுக்குத் துணி வுடறோமா இல்லியா, அத்த மாரிதான்" என்பார். அளந்து, அறுத்து, முனையை உப்புத்தாளால் தேய்த்து, முந்தானையால் துடைத்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, உள்ளே தள்ளி லேசாக ஒரு திருகு திருகுவார். ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். ஒழுகல் நின்றுவிடும்.

எப்போதும் நிற்கும் என்று சொன்னால் நான் பொய்யன். வாத்தியார் வீட்டுக் குளியலறையில் அக்கா கைவைத்த பிறகு, வாஷ்பேசின் குழாயைத் திறந்தால் ஷவரில் தண்ணீர் வந்தது. பல் தேய்க்கப் போன வாத்தியார் குளித்துவிட்டு வெளியே வந்தார். புகார் சொன்னபோது அக்கா அசரவில்லை.

"தண்ணி வந்துச்சா இல்லியா சார்?"

"வந்துச்சும்மா. ஆனா..."

"சுத்தமாதான கீறீங்க? அப்பறம் இன்னா?"

இப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டியே குடியிருந்தும், எங்கள் குழாயை மட்டும் தொட்டதில்லை. காரணம் என் அம்மா. ஒரு பொங்கலுக்கு அக்கா தைத்துக் கொடுத்த ரவிக்கையில் அம்மாவின் கை நுழையவில்லை. அம்மா எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டாள். அக்கா ரவிக்கையைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். "நான் ஒயுங்காதான் தச்சேன் பெரிம்மா. கை வளந்துகினே போனா நான் இன்னா பண்றது?" என்றார். அவருடைய தையல் கடையில் நாலு பெண்கள் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அம்மா ரவிக்கை தைக்கக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

என் தங்கை செல்வியின் வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. பெருநகர் கிராமத்திலிருந்து சம்பந்தி வீட்டார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். பின்கட்டில் சமையல் ஆள் அரிசி களைந்து வைத்துவிட்டு அண்டாவோடு நின்றார். ஊரில் அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் கட். சாயங்காலம்வரை மோட்டார் ஓடாது. மொட்டை மாடித் தொட்டியில் இருப்பதுதான் அன்றைய தண்ணீர் மொத்தமும்.

அந்த நேரம் பார்த்து, சமையலறைச் சுவருக்கு வெளியே தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் எல்போ விரிசல் விட்டது. விசிறி விசிறி அடித்தது தண்ணீர். மேலே வால்வை மூடலாம் என்று ஓடினேன். வருஷக்கணக்கில் யாரும் திருகாத வால்வு. கைப்பிடி மட்டும் கழன்று என் கையோடு வந்தது. கீழே வந்து சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். விரிசல் என் மரியாதையை ஏற்றுக்கொண்டு இரண்டாகப் பிளந்தது. பிளம்பருக்குப் போன் போட்டேன். "திருப்புலிவனத்துல கீறேன் சார், தோ கெளம்பிட்டேன்" என்றார். பின்னணியில் யாரோ அவருக்குச் சாப்பாடு பரிமாறுகிற சத்தம் கேட்டது.

செல்வி பட்டுப்புடவையோடு பின்வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, எங்க மாமியார் எறங்கினதும் கால் கழுவத் தண்ணி கேப்பாங்க. எல்லார் முன்னாடியும் நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். அழுதுவிடுவாள்போல இருந்தது.

அப்போதுதான் பின்சுவரின் மேல் ஒரு தலை தெரிந்தது. பிறகு ஒரு கால். பிறகு கழுத்தில் தையல் டேப்போடும் கையில் ஹேக்ஸா பிளேடோடும் புது எல்போவோடும் சொல்யூஷன் அக்கா முழுசாக இந்தப் பக்கம் குதித்தார்.

அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "யாரு கூப்ட்டது ஒன்ன?"

"யாரும் கூப்டல பெரிம்மா. தண்ணி கூப்ட்டுது. எட்ட போ."

அடுத்த சில நிமிடங்களில் நான் என் சொந்த வீட்டில் எடுபிடி ஆகிவிட்டேன். அக்கா லைனிங் துணியைப் பந்தாகச் சுருட்டி, பால் கவரால் சுற்றி, என்னை மாடிக்கு இழுத்துப்போனார். எங்கள் தொட்டி இடுப்பு உயர சிமெண்ட் தொட்டி. அதற்குள் தோள்வரை கையைவிட்டு, தண்ணீர் இறங்கும் ஓட்டையில் அந்தப் பந்தை வைத்து அடைத்தேன்.

"கைய எடுக்காத நைனா. எடுத்தா பந்த உள்ள இஸ்துக்கும். அப்பறம் முயு லைனையும் அறுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் கீழே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு காது தொட்டிக்குள், ஒரு காது வெளியே. கேட்டதைச் சொல்கிறேன்.

ஹேக்ஸா அறுக்கும் சத்தம். பிறகு அக்கா குரல். "பெரிம்மா, மேல் பைப்ப ஆடாம புடி. நான் கீய ஒட்டணும்."

"நான் எதுக்குப் புடிக்கணும்?"

"ஒம் மவன் தொட்டியக் கட்டிப்புடிச்சினு கீறான். மாசமா கீற பொண்ண கூப்டட்டா?"

பைப் சுவரில் உரசும் சத்தம். அம்மா பிடித்துவிட்டாள் என்று புரிந்தது.

"இப்டி ஒட்டுனது வுட்டுடாதே?" என்றாள் அம்மா.

"நான் ஒட்டுனது வுடாது."

"நீ தச்சது பூரவே இல்ல."

ஐந்து வருஷமாகப் பேசாத இரண்டு பெண்கள், காயாத எல்போவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டுப் போகவும் முடியாமல் நின்றார்கள். ரவிக்கை வழக்கு முதலிலிருந்து நடந்தது. துணி சுருங்கியதா, கை பெருத்ததா என்பதுதான் விவாதம். ஒரு கட்டத்தில் அக்கா, "இரு, இப்பவே பாத்துடலாம்" என்று ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டே மறுகையால் அம்மாவின் கையைச் சுற்றி டேப்பைப் போட்டிருக்கிறார்.

"டேப் இன்னாடி சொல்லுது?" என்றாள் அம்மா.

"வளந்துதான் கீது பெரிம்மா." பிறகு குரல் இறங்கியது. "ஆனா அன்னிக்கி நாலு பேர் எதிர்க்க நான் அப்டி சொல்லிருக்கக் கூடாது."

அப்புறம் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. "மெய்யாலுமே வளந்துட்ச்சா?" என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். "பைப்ப ஆட்டாத, ஆட்டாத" என்று அக்கா அதட்ட, இன்னும் சிரிப்பு.

சரியாக அப்போது சம்பந்தி வீட்டார் வந்து சேர்ந்தார்கள். செல்வியின் மாமியார் வெயிலில் வந்த முகத்தோடு, "கால் கழுவக் கொஞ்சம் தண்ணி" என்று ஆரம்பித்திருக்கிறார்.

"காய்ற வரிக்கும் வூட்ல ஒருத்தரும் தண்ணி தொடக்கூடாது!" என்று பின்கட்டிலிருந்து கத்தினார் அக்கா.

செல்விக்கு உயிரே போயிருக்கும். ஆனால் அந்த மாமியார் விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. பம்புசெட்டும் பைப்புமாக வாழ்க்கை நடத்தியவர். நேராகப் பின்கட்டுக்கு வந்து எல்போவைக் குனிந்து பார்த்தார். "எங்க வூட்டு மோட்டார் லைனும் ஒயுவுதும்மா. ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறியா?" என்றார். பிறகு நிமிர்ந்து மாடியைப் பார்த்து, "அங்க யாரு, தொட்டியில வியுந்துட்டாரா?" என்று விசாரித்தார். என்னைத்தான்.

காய்ந்ததும் பந்தை எடுக்க உத்தரவு வந்தது. தண்ணீர் இறங்கியது. எல்போவில் ஒரு துளி இல்லை. சம்பந்தியம்மா கால் கழுவினார், அண்டா உலை ஏறியது. அக்கா வெற்றியோடு சுவரேறத் திரும்பினார். கழுத்தில் இருந்த டேப் அவரை இழுத்து நிறுத்தியது. வழிந்த சொல்யூஷனில் டேப்பின் நுனி பைப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தும் வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவரை விடுவித்தோம். அன்றிலிருந்து அக்காவின் டேப் மூன்றாம் அங்குலத்தில் தொடங்குகிறது. அதே டேப்பில் அளந்து அதே டேப்பில் வெட்டுவதால் ஊர் ரவிக்கைகளுக்குப் பாதகம் எதுவுமில்லை.

சுவரேற அம்மா விடவில்லை. கையைப் பிடித்து வாசல் வழியாகக் கூட்டிவந்து, செல்விக்கு முதல் வளையலைச் சம்பந்தியம்மா போட, இரண்டாவதை அக்காவைப் போடச் சொன்னாள். பசை ஒட்டிய விரல்களால் கண்ணாடி வளையலை உடைத்துவிடுவோமோ என்று அக்கா பயந்தார்; அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

போன பங்குனியில் அக்கா, மகளின் பிரசவத்துக்காக அரக்கோணம் போனார். அவர் போன அதே வாரம் எங்கள் சமையலறைக் குழாய் மூட்டு சொட்ட ஆரம்பித்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். அதிசயமாக உடனே வந்தார். அம்மா கேட்டிலேயே நிறுத்தி, "ஒண்ணும் ஒயுவலப்பா, நீ போ" என்று அனுப்பிவிட்டு, குழாய்க்குக் கீழே ஒரு சொம்பை வைத்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"அது அரக்கோணத்துலேந்து வந்து பாத்தா இன்னா நெனைக்கும்? நாலு நாள் இல்லன்னா வேற ஆள வெச்சிட்டோம்னு ஆவாது?"

எதிர்வீட்டிலும் குழாயடியில் ஒரு குண்டான் இருப்பதைப் பிறகு கவனித்தேன். வாத்தியார் வீட்டில் ஒரு பக்கெட். அரக்கோணத்துப் பேரக்குழந்தைக்குத் தலை நின்று அக்கா திரும்பி வரும்வரை எங்கள் தெருவில் ஒருவரும் பிளம்பரைக் கூப்பிடவில்லை.