பினாங்கு போக வேண்டிய கை

கிணற்றடியில் சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அற்புதசாமி தன் இடது கையில் எலுமிச்சம் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அந்த இடத்தில், நோய் வராமலிருக்க, ஊசியால் அம்மை குத்தியிருந்தார்கள். எரிச்சலில் கண்ணில் நீர் கட்டியது.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?" வீட்டுக்குள்ளிருந்து மனைவி லூர்துராணி கேட்டாள்.

"மூஞ்சி கழுவுறேன்."

"அரை மணி நேரமாவா?"

அற்புதசாமி மூடியைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

பாலக்கரையில் ஒரு சுருட்டுக் கொட்டகையில் அவருக்கு வேலை. பதினாறு வயதில் உட்கார்ந்த பலகையை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. முதுகு வளைந்துவிட்டது. அந்த வளைந்த முதுகோடு ஒன்பது வருஷமாக ஒரே பேச்சுத்தான்: பினாங்கு. மச்சான் இருதயநாதன் அங்கே தோட்டத்தில் கங்காணி. மேஸ்திரி திட்டினால், "பினாங்குக்குப் போயிடுவேன்." குழம்பில் உப்புக் குறைந்தால், "பினாங்குல இப்படியெல்லாம் இருக்காது." பேச்சாக இருந்தவரை சுகமாகத்தான் இருந்தது. போன மாதம் மச்சான் நிஜமாகவே டிக்கெட் அனுப்பிவிட்டான்.

அதே சமயம், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்த கையோடு ஊரெல்லாம் அம்மை பரவியது. கப்பலிலும் இருக்கிறதாம். "கப்பல்ல செத்தா கோணியில சுத்திக் கடல்ல போட்டுருவாங்க" என்று கொட்டகையில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. குழி தோண்டி, பூசை வைத்து, சிலுவை நட்டுப் புதைக்க வேண்டிய உடம்பு. அதை மீன் தின்பதா?

ஆனால் ஒன்பது வருஷம் பேசிய வாயால் போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் லூர்துராணியிடம். டிக்கெட் வந்த அன்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தவள் அவள்.

ஒரு வழி இருந்தது. அம்மை குத்தி எட்டாம் நாள் கொப்புளம் எழும்பியிருந்தால்தான் சர்டிபிகேட். அது இல்லாதவனை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றமாட்டார்கள். அவன் டிக்கெட் அடுத்து நிற்கிற ஆளுக்குப் போய்விடும். அடுத்து நிற்கிறவன் மன்னார்புரம் பிச்சமுத்து, துடித்துக்கொண்டிருந்தான். ஆகவே கொப்புளம் எழும்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஊசி பிடிக்கவில்லை, நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எலுமிச்சம்பழம் வேறு வேலை செய்துவிட்டது. சாயங்காலம் கை செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. சோறு போட வந்த லூர்துராணி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, இப்படிச் செவந்திருக்கு?"

"ஊசி பிடிக்குது போலிருக்கு" என்றார், பெருமையை வரவழைத்துக்கொண்டு.

"பிடிக்குதா? அது எப்படிப் பிடிக்கும்?"

"ஏன் பிடிக்காது? என் உடம்பு அப்படி."

அவள் அகப்பையைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எலுமிச்சம்பழத்துக்கு வேகம் போதவில்லை என்று அற்புதசாமி முடிவு செய்தார். புழு பூச்சி எதையும் கொல்லுகிற சரக்கு அவர் மடியிலேயே இருக்கிறது. மறுநாள் கொட்டகையில் நல்ல காரமான புகையிலையாக ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்து, சட்டைக் கைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். சுருட்டு சுற்றுகிறவனுக்குப் புகையிலை என்ன செய்துவிடும்?

மத்தியானத்துக்குள் தலை சுற்றியது. வேர்த்துக் கொட்டியது. சுற்றி வைத்த சுருட்டுகளின் மேலேயே வாந்தி எடுத்தார்.

மேஸ்திரி வெள்ளைச்சாமி ஓடி வந்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பார்த்தால், மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"காய்ச்சல் வந்துருச்சாய்யா? அப்ப மருந்து உள்ள இறங்கிருச்சுன்னு அர்த்தம். குடுத்து வச்ச ஆளுய்யா நீ. எந்திரி, வீட்டுக்குப் போ."

மேஸ்திரியே தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். லூர்துராணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நிசமாவே முடியலையாங்க?"

"பொய்யாவா வாந்தி எடுப்பாங்க?"

"அதுக்கில்ல. இவ்வளவு பிடிக்கும்னு நான் நினைக்கலை" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

கை பன் மாதிரி வீங்கியது. ஆறாம் நாள், வீக்கத்தை வற்றவைக்கலாம் என்று வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்துக் கனமாகப் பூசிக்கொண்டு படுத்தார். விடிந்து பார்த்தால் இரண்டு கொப்புளங்கள், பன்னீர்த் திராட்சை மாதிரி மினுமினுத்தன.

மேஸ்திரி கொட்டகை ஆட்களை எல்லாம் கூட்டி வந்துவிட்டார்.

"பாத்துக்குங்கடா. கைன்னா இது கை. உங்களுக்கும் குத்தினாங்களே, கொசு கடிச்ச மாதிரி."

பிச்சமுத்துவும் மன்னார்புரத்திலிருந்து நடந்தே வந்து பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"எனக்கும் எழும்பி சர்டிபிகேட் வாங்கிட்டேண்ணே. ஆனா இந்த அழகு இல்லை. போயிட்டு வாங்க. நம்ம தலையில எழுதினது புகையிலைதான்."

"சாயங்காலத்துக்கு மாலை சொல்லியாச்சு" என்றார் மேஸ்திரி.

லூர்துராணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வெகு நேரம் முழங்காலில் இருந்தாளாம். நன்றி சொல்கிறாள் போலிருக்கிறது என்று அற்புதசாமி நினைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் ஸ்ரீரங்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. யாத்திரைக் கூட்டத்துக்காக ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, அற்புதசாமிக்கு அம்மை குத்திய பரக்கத் அலி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மாட்டு வண்டியில் காவேரிப் பாலத்தைத் தாண்டினார்கள். ஆற்றில் கணுக்கால் தண்ணீர். அதைப் பார்த்ததுமே அற்புதசாமி வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். இதற்கே இப்படியென்றால் கடல்?

லூர்துராணி வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டாள். மேஸ்திரி மட்டும் கூடவே உள்ளே வந்தார். அற்புதசாமி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பரக்கத் அலி கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கொப்புளத்தைச் சுற்றி விரலால் அமுக்கினார். எழுந்து போய்ப் புளியமரத்தடியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி கையைப் பார்த்தார்.

"பிடிக்கலை" என்றார்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பாய், கண்ணு தெரியலையா? ஆனைக்கால் மாதிரி இருக்கு, பிடிக்கலைங்கிறீங்க?"

"வீங்கிறது வேற, பிடிக்கிறது வேறங்க. நான் சர்டிபிகேட் எழுத முடியாது. டிக்கெட்டை அடுத்த ஆளுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

அற்புதசாமிக்கு ஒன்பது வருஷ பாரம் ஒரே நொடியில் இறங்கியது. வளைந்த முதுகு தானாக நிமிர்ந்தது. மேஸ்திரி பார்க்கிறாரே என்று, "ஒன்பது வருஷம், பாய்" என்று முனகித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் லூர்துராணியிடம் சேதி சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று அற்புதசாமி எழுந்தார்.

பரக்கத் அலி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பஞ்சில் களிம்பைத் தொட்டுக் கொப்புளத்தில் தடவிக்கொண்டே, காதோரம் குனிந்து சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்கண்ணே, உங்களை அனுப்ப மனசில்லைன்னு உங்க வீட்டம்மா வந்து அழுதாங்க, அதனால அன்னைக்கு நான் உங்களுக்குக் குத்தினது வெறும் கிணத்துத் தண்ணி, அது எப்படி இப்படிப் பொங்கிச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."