இன்னும் ஒரு சுற்று

சைக்கிள் பந்தயத்தில் முன்னால் ஒற்றையாகப் போன கறுப்பு மழைக்கோட்டுக்காரனை எட்டிப் பிடித்த பிறகுதான், அது தன் அணித் தலைவன் பாஸ்டியன் என்று வன்னஸுக்குத் தெரிந்தது.

பதினைந்து கிலோமீட்டர். எதிர்க்காற்றில் தலையைத் தூக்காமல், நாக்குத் தள்ள மிதித்து, எதிரணிக்காரர்கள் நாற்பது பேரையும் தன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் சொகுசாகக் கூட்டி வந்திருந்தார். பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ் மழையில் எல்லாக் கோட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். காதிலிருந்த ரேடியோ வேறு நனைந்து ஊமையாகிவிட்டது.

"நம்ம ஆளையேவாண்ணே துரத்திப் பிடிப்பாங்க?" என்றான் பாஸ்டியன். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் வலித்தது.

பதினாலு வருடமாக மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர் வன்னஸ். ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று மனைவி மார்லீனை ஒருமுறைகூட வரவிட்டதில்லை. ஓய்வுபெறுகிற நாளாயிற்றே என்று இன்று அவளே கிளம்பி வந்து, இறுதிக்கோட்டருகே குடையோடு நிற்கிறாள். அவள் முன்னால் மானம் போகாமல் இருந்தால் போதும் அவருக்கு.

செய்த தப்புக்குப் பரிகாரமாக, தலைவனுக்குத் தண்ணீர் வாங்க அணியின் காருக்குப் பின்தங்கினார். மேலாளர் ஜன்னல் வழியே ஒற்றை விரலை ஆட்டி ஏதோ கத்தினார். சாலையோர பீர் கூடாரத்து பேண்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திட்டுகிறார் என்று நினைத்து, பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

பாட்டிலை நீட்டும்போது கை வழுக்கியது. அது பாஸ்டியனின் சக்கரத்துக்கு அடியில் உருண்டது. அடுத்த நொடி தலைவன் பீட்ரூட் வயலில் உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றுமில்லை, சேறுதான்.

வன்னஸ் தூக்கிவிட இறங்கப் போனார்.

"வேண்டாம்ணே. கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க முன்னால போயிருங்க."

போனார். எதிரணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்த மனிதனை யார் துரத்துவது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊரை மூன்று முறை சுற்ற வேண்டும். இறுதிக்கோட்டை நெருங்கியபோது இன்னும் ஒரு சுற்று பாக்கி. கூட்டம் ஊளையிட்டது. புகைப்படக்காரர்கள் குறுக்கே ஓடி வந்தார்கள், ஒருவர் சட்டையைப் பிடிக்கவே பார்த்தார். கேலிக்கும் ஓர் அளவில்லையா என்று வன்னஸுக்குக் கண் கலங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் மார்லீன் அழுதுகொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. வளைந்து நெளிந்து தப்பித்து, இன்னும் வேகமாக மிதித்தார்.

வழிகாட்டிய போலீஸ் மோட்டார் சைக்கிள்கூட அவரைக் கைவிட்டுவிட்டது. தனியாக மழையில் போனார். அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, மன்னிப்பைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. எதிரே ஒரு டிராக்டர் நிதானமாக வந்தது. சாலையோரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் கடைக்காரர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பின்னால வர்றவங்க எவ்வளவு தூரத்துல இருக்காங்கய்யா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் வன்னஸ்.

கடைக்காரர் தன் ரேடியோவைத் தணித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மழைக்காக ஒரு சுத்தைக் குறைச்சு, பந்தயம் முடிஞ்சு கால் மணி நேரம் ஆச்சேய்யா, ஜெயிச்ச நீங்க இங்க சுத்திக்கிட்டிருக்கீங்க, அங்க உங்க வீட்டம்மா உங்க பூச்செண்டை வாங்கி வச்சுக்கிட்டு மேடையில ஒத்தையா நிக்கிறாங்களாம்."