கோரம் சாரும் வாசல் செருப்புகளும்

கோரம் சாரைப் போலக் கிருமிகளை மதித்த மனிதர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை. ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பது அவர் வேலை. எதற்கெடுத்தாலும் "கோரம் தெகையணும்" என்பார். கூட்டத்துக்குப் போதுமான ஆள் சேர வேண்டும் என்று அர்த்தம். என் அம்மாவுக்குத் தெரிந்த கோரமெல்லாம் பத்திரிகையில் வரும் கோர விபத்துதான். அவர் வந்தாலே கதவைச் சாத்திவிடுவாள்.

"ஒத்த பாக்டீரியா ஒண்ணும் செய்யாது மக்கா. ஒவ்வொண்ணும் ஒரு கெமிக்கலை வெளிய விட்டுட்டு சும்மா கெடக்கும். கூட்டம் பெருகினா கெமிக்கலும் பெருகும். 'ஓ, நாம நெறய பேரு உண்டு'ன்னு தெரிஞ்சதும் எல்லாம் சேந்து எறங்கும். சிலது மின்னும், சிலது ஆளை நோயில கெடத்தும்" என்று சார் எனக்கு விளக்குவார்.

எங்கள் பாதையில் ஓடை மேல் இருந்த கலுங்கு, அந்தச் சின்னப் பாலம், இடிந்து கிடந்தது. ஆட்டோ வராது. வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்கு அப்பாவை நாற்காலியில் வைத்து ரோடு வரை தூக்கிப் போனோம். கலுங்கு கட்ட கிராமசபை தீர்மானம் வேண்டும். சபையோ ஆள் சேராமல் இரண்டு தடவை கலைந்தது. வருகிறவர்கள் சபை கூடும் பள்ளிக்கூட வாசலில் கிடக்கும் ஒன்றிரண்டு செருப்பைப் பார்த்து, "ஆளு இல்லியே, பொறவு வாறேன்" என்று திரும்புவார்கள். அப்படித் திரும்பியவர்களைச் சேர்த்தாலே சபை நிரம்பியிருக்கும்.

மூன்றாவது சபைக்கு கோரம் சார் ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். லேபில் கழித்துப் போட்ட நீல ரப்பர் செருப்புகள். டெட்டாலில் கழுவி, வாசல் நிறையப் பரப்பினார்.

"சார், இது கள்ளத்தனம் இல்லியா?" என்றேன்.

"அந்தக் கெமிக்கலை நாம ஊத்திக் குடுத்தா நாலு பாக்டீரியாகூட பெரிய கூட்டம்னு நம்பி வேலைய தொடங்கும். நாம மனுசங்க ஆக்கும், அதைவிட வேகமா ஏமாறுவோம்."

ஏமாந்தோம். செருப்பைக் கண்டவர்கள், தொடங்கிவிட்டது என்று பதறி ஓடி வந்தார்கள். உள்ளே வார்டு மெம்பரும் நாங்கள் இருவரும் மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்புவதற்குள், பின்னால் வந்தவர்கள் வழியை அடைத்துவிட்டார்கள். தீர்மானம் பாஸானது. வெளியே பெரிய செருப்புக் கலவரம். மெம்பர் இரண்டு இடதுகால் செருப்போடு வீட்டுக்குப் போனார்.

கலுங்கு கட்டியதும் ஆட்டோ எங்கள் வாசலுக்கே வந்தது. அப்பா ஏறி உட்கார்ந்துகொண்டு, "இரு மக்கா, நம்ம சாரும் அங்கதானே போறாரு" என்று டிரைவரை நிறுத்தி வைத்தார். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். ஊசி குத்தும் நேரம் சார் லேபிலிருந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வார். குத்துவது அப்பாவுக்கு, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது சார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.