கறுக்கிற கிறீமும் அக்காவின் கெட்டிமேளமும்

ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்கிற வேலையில் இருப்பவன், அந்த எச்சரிக்கை தனக்கில்லை என்று உறுதியாக நம்புவான். இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் நம்பினேன்.

அப்போது மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லொங்குய்யில் ஒரு டானிங் கடையில் எனக்கு வேலை. குளிர்காலத்தில் வெள்ளைக்காரர்கள் விளக்குப் பெட்டிக்குள் படுத்து, தோலைக் கறுக்க வைத்துக்கொண்டு போகும் இடம். (அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தப் பெரும்பாடு பட்டேன். விளங்கியதும், "வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார்.) படுப்பதற்கு முன் பூசும் லோஷன்களை விற்பதும் நான்தான். சிலவற்றில் சாயம் இருக்கும். தோல் மெல்ல மெல்ல நிறம் மாறும். ஒரு வகை தோலுக்கடியில் இரத்த ஓட்டத்தைக் கிளப்பிவிட்டு, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிக்கும், சிவக்க வைக்கும். "முதலில் ஒரு துளி பூசிப் பாருங்கள். இது தோலைப் பாதுகாக்காது" என்று அரைகுறைப் பிரெஞ்சில் எல்லோருக்கும் ஒப்பிப்பேன்.

தை மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணம். மண்டபம் மொன்ட்ரியால்-நோரில். பெண்ணின் தம்பி என்பதால் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். வேட்டியும் சால்வையுமாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

உடுப்பு மாற்றும்போது அம்மா என் நெஞ்சைப் பார்த்துப் பதறினார். "என்னடா, மேலெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு! வீடியோவில விழப்போகுது. எதையாவது பூசு!"

பையில் இருந்தது கடையில் கிடைத்த ஒரு போத்தல். அந்த எரிகிற வகைதான். தெரிந்தே எடுத்தேன். வெள்ளைத் தோலுக்குத்தானே எரியும், யாழ்ப்பாணத்து வெயிலில் வெந்த தோலை இது என்ன செய்துவிடும்? கழுத்திலிருந்து இடுப்புவரை தாராளமாகப் பூசினேன். தேங்காய்ப்பூ வாசம் வேறு.

மணவறையில் இருந்ததும் தோல் லேசாக அரித்தது. ஐயர் ஓமத்தை மூட்டினார். அந்தச் சூடு பட்டதுதான் தாமதம், நெஞ்சில் யாரோ அடுப்புக்கரியை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். நான் கறுப்புமில்லை, சிவப்புமில்லை. கத்தரிக்காய் நிறத்தில் திட்டுத்திட்டாக வீங்கியிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து அலறினார். "ஐயோ! தோழனுக்கு அம்மாள் வருத்தம்!"

முன்வரிசை காலியானது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்கா தலையை நிமிர்த்தாமலே, "என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?" என்று பல்லைக் கடித்தாள். அம்மை என்று முடிவானால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் அவள் குரலில் இருந்தது.

ஐயர் என் பக்கம் சாய்ந்தார். "தம்பி, என்னத்தைப் பூசினனீர்?"

அவர் சால்வையில் குத்தியிருந்த மைக்கை நான் கவனிக்கவில்லை.

"கறுக்கிற கிறீம் ஐயா."

மண்டபம் முழுக்கக் கேட்டது. மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். அம்மை என்றபோது கூட அவ்வளவு அதிர்ச்சி இல்லை. மாப்பிள்ளையின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கறுக்கவோ? உமக்கு இருக்கிற கறுப்புக் காணாதே தம்பி?"

அதற்குமேல் எரிச்சலைத் தாங்க முடியவில்லை. பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, பனிக்குவியலில் முழங்காலிட்டு, பனியை வாரி வாரி நெஞ்சில் தேய்த்தேன். சொர்க்கம்! உள்ளே கெட்டிமேளம் கேட்டது. அக்காவுக்குத் தாலி ஏறுகிறது, நான் இங்கே நிற்கிறேனே என்று அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மணவறைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. சனம் முழுவதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரரும்.

வீக்கமும் கத்தரிக்காய் நிறமும் அன்று பின்னேரமே வடிந்தன. சாயமும் கலந்த போத்தல் என்பது அடுத்த நாள் செம்மஞ்சளாகிப்போன உள்ளங்கைகளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கல்யாண நாள் வந்தால் அக்கா வீட்டில் இன்றைக்கும் அந்த வீடியோ ஓடும். கெட்டிமேளம் முழங்கும், திரையில் நான் பனி தேய்ப்பேன். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அத்தான் மட்டும் எழுந்து டிவிக்குக் கிட்டப் போய், திரையின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் ஒரு முழங்கையைத் தொட்டுக் காட்டுவார்.

"இஞ்ச பாருங்கோ, தாலி கட்டுறது நான்தான்."