வெடி தாங்கும் வளைக்குப் புது விதி

நான் சொல்லப்போறது அத்தனையும் நெசம். ஒரு சொல்லு பொய்யின்னாலும் மிச்சமிருக்கற என் ஒத்தக் கடவாப்பல்லு கொட்டிரட்டும்.

ஒரு காட்டுல, கல்குவாரிக்குப் பக்கத்துல, மொக்கையன்னு ஒரு பெருச்சாளி இருந்துச்சு. குவாரியில தெனமும் மத்தியானம் பாறைக்கு வெடி வைப்பாங்க. அதுல மொக்கையனோட வளை ரெண்டு தடவை சரிஞ்சிருச்சு. பொண்டாட்டி பவளக்கொடி வேற நெற மாசம்.

வெடி தாங்கற வளை எப்படித் தோண்டணும்னு அந்தக் காட்டுல ஒரு விதிப் புத்தகம் உண்டு. ஓலைவெடி காலத்துல எழுதினது. 'செவுரு ஒரு சாண்'னு போட்டிருக்கும். அதை மாத்தச் சொல்லி மொக்கையன் ஆமை இஞ்சினியர்கிட்டப் போச்சு. முதுகுலயே வீடு இருக்கறதால அதுக்கு அந்த வேலை.

"ஐயா, ஒரு சாண் பத்தல. நேத்து முயல் வீடு மொத்தமா உக்காந்துருச்சு."

"முயல் மனு குடுத்துச்சா?"

"அது செத்துப்போச்சுங்க."

"உன் வீடு?"

"விழுந்துச்சுங்க. நான் தப்பிச்சுட்டேன்."

"தப்பிச்சுட்டேல்ல, அப்ப ஒரு சாண் போதும். செத்தவன் வந்து சொல்லட்டும், மாத்தறேன்."

வீட்டுக்கு வந்ததும் பவளக்கொடி கேட்டுச்சு: "அது கெடக்கட்டும்யா. குவாரிக்காரன் எங்க வெடி வைக்கவே மாட்டான்?"

மொக்கையன் யோசிச்சுச்சு. வெடிமருந்து குடோன்! அந்தப் பக்கம் ஒருத்தன் பீடி பத்த வைக்க முடியாது. அன்னைக்கே குடோனுக்கு அடியில தோண்டிக் குடிபோச்சுங்க. ஏழு குட்டி. ஒரு பொட்டு மண்ணு உதிரல.

சேதி கேட்டு ஆமை அளவெடுக்க வந்துச்சு. "செவுரு அதே ஒரு சாண்தான். வெடிமருந்து இருக்கறதுனாலதான் வீடு நிக்குது"ன்னு முடிவு கட்டிருச்சு. மறுவாரமே விதியைத் திருத்தியாச்சு: வளைக்கு ஒரு பெட்டி வெடிமருந்து கட்டாயம்.

காடே தெரண்டு பெட்டிபெட்டியா இழுத்துட்டுப் போச்சு. குடோன் காலி. மறுநாள் பாறையில வைக்க மருந்தில்ல, அதுக்கடுத்த நாளும் இல்ல. குவாரிக்காரன் லாரியோட ஊரைவிட்டே போயிட்டான். வெடிச்சத்தம் நின்னே போச்சு.

ஆமைக்குப் பாராட்டு விழா. மாலையும் கையுமா மொக்கையன் முண்டியடிச்சுட்டுப் போச்சு. பவளக்கொடி அது வாலைப் புடிச்சு இழுத்துச்சு.

"எட்ட நின்னு போடுய்யா. பெரிய மனுசன் மருந்துப் பெட்டி மேல உக்காந்திருக்காரு."

நீதி: கிறுக்குத்தனமான விதியையும் ஊரே கூடிக் கடைப்பிடிச்சா, எழுதினவன் அறிவாளி ஆயிருவான்.

சரி, கேட்டவங்க ஆளுக்கு ஒரு வடை வைங்க. நடுவுல தூங்கினவங்க ரெண்டு.