காரமடை வீட்டில் சிரித்த பெண்

பேய் உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால், உண்டு என்று அடித்துச் சொல்வேன். அதன் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். குடும்பத்தோடு உட்கார்ந்து, ஸ்பீக்கர் வைத்து, காப்பி குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

யாழினி கொடுமுடிப் பக்கத்துப் பெண். கண் பார்வை கிடையாது. கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அவளுடைய பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது என் வேலை. (சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.) அந்தத் தடவை கடைசிப் பாடத்தை இழுத்தடித்துவிட்டேன். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டில் ஒரு பக்கம் வாசிப்பேன், உடனே ஃபோனை எடுப்பேன். அதோடு அன்றைய வாசிப்பு முடிந்துவிடும். திங்கட்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை யாழினியே அழைத்தாள்.

“அக்கா, அந்தப் பாடத்துலதாங்க பெரிய கேள்வியே வரும். இந்தத் தடவையும் போச்சுன்னா, படிச்சது போதும் ஊட்டுல இருன்னு அப்பா சொல்லிப்போடுவாருங்க.”

வெட்கமாகப் போய்விட்டது. காரமடையில் என் கணவரின் பெரியப்பா வீடு பூட்டிக் கிடந்தது. பெரியம்மா அங்கேதான் இறந்தார். அதன்பிறகு பெரியப்பா மகனோடு திருப்பூர் போய்விட்டார். தொந்தரவு செய்ய ஈ, காக்கை இல்லாத வீடு. சனிக்கிழமை லேப்டாப், மைக், புத்தகத்தோடு போய் இறங்கினேன்.

உச்சி வெயில் நேரம். ஆனாலும் ஜன்னல்களைச் சாத்தியதும் கூடம் இருட்டிவிட்டது. எதிர்ச் சுவரில் மாலை போட்ட பெரியம்மா படம். சுவர்க் கடிகாரம் எப்போதோ நின்றிருந்தது. மாடியில் ஏதோ நகர்ந்தது. (பூனை. பூனைதான் என்று முடிவு செய்துகொண்டேன். போய்ப் பார்க்கவில்லை.) ஃபோனைக் கவிழ்த்து வைத்து, பதிவை ஓடவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். அடடா, என்ன கவனம்! நேரம் போனதே தெரியவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தால் வெயில் மேற்கு ஜன்னல் இடுக்கில் வந்து நின்றது. தவம் கலைந்த முனிவர் மாதிரி வீடு திரும்பி, ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காமல் யாழினிக்கு அனுப்பிவிட்டேன். ‘அரை நாள் ஃபோனைத் தொடவில்லை’ என்று ஸ்டேட்டஸ் வேறு போட்டேன்.

ஞாயிறு காலை யாழினி அழைத்தாள். குரல் கம்மியிருந்தது.

“ஏனுங்க்கா, அந்த ஊட்டுல உங்ககூட வேற ஆரு இருந்தாங்க?”

“ஆருமில்லையே கண்ணு.”

“நீங்க வாசிச்சுட்டே வந்து நடுவால நின்னு போறீங்க. அப்பறம் ஒரு பொம்பள சிரிக்கறாங்க. மெதுவா. ரொம்ப நேரம். மறுபடி நீங்க வாசிக்கறீங்க, ஆனா நடுவுல பாதிப் பாடத்தையே காணோமுங்க.”

கணவரையும் அத்தையையும் (கணவரின் அம்மா) கூப்பிட்டு உட்கார வைத்துப் பதிவை ஓடவிட்டேன். என் குரல் கணீரென்று வந்தது. சட்டென்று நின்றது. விசிறியின் இரைச்சல். கண்ணாடியை நகத்தால் தட்டுவது போல டொக், டொக். ஒரு பெருமூச்சு. எங்கோ தூரத்தில் ஓர் ஆண் குரல், “வெங்காயத்தைப் பொடிசா நறுக்கிக்கோங்க” என்றது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்துப் பாதியில் அறுந்துபோனது. பிறகு அந்தச் சிரிப்பு.

“எங்கக்கா சிரிப்பாட்டவே இருக்குதே!” என்று அலறினார் அத்தை. (ஓரகத்தியை அக்கா என்றுதான் சொல்வார்.) “சாகற வரைக்கும் இப்படித்தான் வாயைப் பொத்தீட்டுச் சிரிப்பாங்க.” திருநீற்றை அள்ளி வந்து என் நெற்றியில் அப்பினார். என் கணவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். கிசுகிசுப்பாக, ஆனால் தெளிவாக.

“அத்தைக்கு இந்தப் பச்சைப் பொடவை எடுப்பாவே இல்ல. தேருக்குத் துணி சுத்துனாப்புல இருக்குது.”

அத்தை பச்சைப் புடவையில் நிற்கும் வெள்ளகோவில் கல்யாணப் போட்டோக்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது சனிக்கிழமை மதியம்தான்.

“ஏனம்மணி,” என்றார் அத்தை நிதானமாக, “செத்துப்போன எங்கக்கா, நான் இப்ப எடுத்த பொடவையை எப்படிப் பாத்தாங்க?”

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. ஆனால் இன்றைக்கும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன், ஃபோனை எடுத்தது எனக்கு நினைவே இல்லை. குரல் என்னுடையது, சிரிப்பு என்னுடையது, தட்டியது என் நகம், வெங்காயமும் குழந்தையும் ஃபோனில் ஓடிய வீடியோக்கள். விசிறிக் காற்றில் பக்கங்கள் புரண்டதுகூடத் தெரியாமல், புரண்ட இடத்திலிருந்து வாசித்திருக்கிறேன். மாலை போட்ட படத்துக்கு எதிரே தன்னந்தனியாக உட்கார்ந்து அவ்வளவு நேரம் சிரித்தவள் நான் என்றால், அப்போது நான் எங்கே போயிருந்தேன்? நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

யாழினியிடம் உண்மையைச் சொன்னேன்.

“பேயா இருந்திருந்தாக்கூட நான் கோவிச்சுக்க மாட்டனுங்க்கா,” என்றாள்.

அழுகை வந்துவிட்டது. அத்தை அழவிடவில்லை. என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே போய் அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“வாசி. நான் பாத்துக்கறேன்.”

முதுகில் அந்தப் பார்வை குத்திக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஒரு வரி விடாமல் வாசித்து, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பரீட்சை முடிந்து, இருட்டிய பிறகு யாழினி அழைத்தாள். “அந்தப் பாடத்துலயே கேட்டாங்கக்கா. நல்லா எழுதிப்போட்டேனுங்க.” போன உயிர் திரும்பி வந்தது. “ஆனா ஒண்ணுங்க்கா,” என்று குரலைத் தாழ்த்தினாள். “பாடம் பூரா இருந்துச்சு. அந்தப் பொம்பள மட்டும் இன்னும் போகலீங்க. நீங்க வாசிக்க வாசிக்கப் பொறத்தால சிரிக்கறாங்க. இந்தத் தடவை கொஞ்சம் வயசான சிரிப்புங்க.”

கணவரின் ஃபோனைக் காதில் வைத்தபடியே (என்னுடையது இன்னும் அத்தையிடம்தான்) மெதுவாகத் திரும்பினேன். கரண்ட் போயிருந்தது. இருட்டுக் கூடத்தின் மூலையில் அத்தை உட்கார்ந்திருந்தார். முகத்தில் மட்டும் நீல வெளிச்சம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். “அத்தை” என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை.

யாழினி பாஸாகி மேலே படிக்கிறாள். வாசிப்பது இன்னமும் நான்தான். எங்கள் வீட்டில் யாராவது ஃபோனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால், “பெரியம்மா வந்துட்டாங்க” என்று சொல்லி நெற்றியில் திருநீறு பூசிவிடுவோம். திருநீறு வாங்கி மாளவில்லை. பாதி அத்தைக்கு, மீதி எனக்கு.